சோத்தாங்கைப் பக்கம் ஒரு வட்டம்

குர்லா ஸ்டேஷனில் முப்பத்தாறு வருடம் மைக்கில் பேசியவள் செண்பகவல்லி. எட்டு நாற்பத்தேழு ஃபாஸ்ட் லோக்கல் பத்து நிமிடம் தாமதமாக வரும் என்று மராத்தியில் சொல்லி, இந்தியில் சொல்லி, ஆங்கிலத்திலும் சொல்லி முடிக்கும் அந்தக் குரலைக் கேட்டு லட்சக்கணக்கானவர்கள் ஓடியிருக்கிறார்கள், சலித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவள் முகம் தெரியாது. காய்கறி மார்க்கெட்டில் அவள் விலை கேட்கும்போது மட்டும் எப்போதாவது யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். எங்கோ கேட்ட குரல் என்று கொஞ்சம் யோசித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

2021 ஜூன் கடைசியில் ஓய்வு பெற்றாள். கொரோனா காலம். முகத்தை மூடிக்கொண்டு ஐந்து பேர் வந்தார்கள், ஒரு சால்வை, ஒரு சுவர்க் கடிகாரம், அவ்வளவுதான். கடைசி அறிவிப்பைச் சொல்லிவிட்டு மைக்கின் சிவப்புப் பொத்தானை அமுக்கியபோது பிளாட்பாரத்தில் பாதிக் கூட்டம்கூட இல்லை.

அவள் கணவர் தளவாய்க்குச் செம்பூரில், மாகுல் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, மூங்கில் யார்டு. பந்தல் போடுகிறவர்களுக்கு மூங்கிலும் சவுக்கும் பலகையும் வாடகைக்கு விடுவார். யார்டின் ஒரு மூலையில் வீடு, கீழே இரண்டு அறை, மேலே ஓர் அறை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவளுக்கு அதுதான் வீடு. இத்தனை வருடம் காலையில் போய்ச் சாயங்காலம் வந்ததால் பகலில் அந்த யார்டு எப்படி இருக்கும் என்பதே ஓய்வு பெற்ற பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. மூங்கில் கட்டுகளுக்கு மேல் வெயில் நகர்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மோனோ ரயில் போகும் சத்தம் லேசாகக் கேட்டால், கை தானாகக் கடிகாரத்தைத் தேடும்.

அவளுக்கு ஒரே தம்பி, செல்வம். ஏழு வயது இளையவன். இருவரும் பிறந்து வளர்ந்தது தாராவியில். அப்பா குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். செல்வம் ஆள் குட்டையாக, ஒல்லியாக, பிடித்தால் நழுவுகிறவன்போல இருப்பான். பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ரேஸ்கோர்ஸ் லாயத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். காலையில் பந்தயக் குதிரைகளை ஓட்டிப் பழக்குகிற வேலை. ரைடிங் பாய் என்பார்கள். ஐம்பது வயதானாலும் அந்தப் பெயரில் பாய் போகாது.

அவனுக்குப் பதினெட்டு ஆனபோது செண்பகவல்லி ரயில்வே வேலைக்கு விண்ணப்பத் தாள் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். அவன் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எனக்கு இதுதான்க்கா புடிச்சிருக்கு" என்றான். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இரண்டு வருடம் கழித்து அவளுக்குத் தளவாய் வீட்டில் சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும் அன்று காலையில் அவள் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு, "எங்க வேலைன்னு கேட்டா கம்பெனின்னு சொல்லு. லாயம், சாணின்னு எடுக்காத" என்றாள். அவன் சரி என்று தலையாட்டினான். மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது அவன் இல்லை. கல்யாணத்துக்கும் வரவில்லை. 

பிறகு முப்பது வருடத்துக்கு மேல், சாவுக்கும் சடங்குக்கும் பார்த்துக்கொண்டார்கள். நல்லா இருக்கியா, இருக்கேன், சாப்பிட்டியா, சாப்பிட்டேன். சண்டை என்று சொல்ல முடியாது. சேர்ந்திருந்தார்கள் என்றும் சொல்ல முடியாது.

2022 ஜனவரியில் தாராவியில் ஒரு சித்தப்பா காரியத்தில் தளவாய் செல்வத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அவன் ஓட்டிப் பழக்கிய குதிரை ஒன்று, ஏழு சீசன் ஓடியது, முன்னங்காலில் நரம்பு இழுத்துக்கொண்டு இனி ஓட முடியாது என்று முதலாளி கைவிட்டுவிட்டார். எடுத்துக்கொள்கிறாயா என்று செல்வத்திடமே கேட்டிருக்கிறார். இவனுக்கும் தோள் எலும்பு விலகி ரேஸ்கோர்ஸ் வேலை முடிந்துபோயிருந்தது. வைத்துக்கொள்ள இடமில்லை.

"நம்ம யார்டுல கொண்டாந்து கட்டுங்க மாப்ள" என்று தளவாய் சொல்லிவிட்டார். மனைவியிடம் கேட்கக்கூட இல்லை.

அப்படி வந்து சேர்ந்ததுதான் பட்டாணி. பந்தயப் புத்தகத்தில் அதற்கு நீளமான இங்கிலீஷ் பெயர் உண்டு. குட்டியில் வறுத்த பட்டாணிக்கு அலையும் என்பதால் லாயத்தில் வைத்த பெயர் இது. கருஞ்சிவப்பு நிறம், பதினோரு வயது, நெற்றியில் கட்டை விரல் அளவுக்கு வெள்ளை. பலகை ஷெட்டில் பாதியைத் தடுத்து அதற்குக் கொட்டில் போட்டார்கள். பக்கத்திலேயே கட்டில் போட்டுச் செல்வமும் தங்கினான். செண்பகவல்லி மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுபோய் வைத்தாள். சாப்பிட்டியா என்று கேட்கிற வேலை மட்டும் இல்லாமல் போனது.

குதிரையின் காலைப் பார்க்க மாதம் ஒருமுறை கோவண்டியிலிருந்து டாக்டர் ஃபர்ஸானா வருவாள். முப்பது வயதிருக்கும். அவளும் குதிரை ஏறுகிறவள்தான். கால் தேறிவிட்டது, இனி ஓட வேண்டாம், ஆனால் சும்மா நிற்கவும் கூடாது, மெதுவாக வட்டம் போட்டுப் பழக்குங்கள் என்றாள். அப்போது டிரஸ்ஸாஜ் என்று ஒன்றைச் சொன்னாள். ஓட்டப்பந்தயம் இல்லை. ஒரு சதுக்கத்துக்குள் குதிரையை நடக்க வைத்து, துள்ளு நடை போக வைத்து, வட்டம் சுற்ற வைத்து, சொன்ன இடத்தில் அசையாமல் நிற்க வைக்க வேண்டும். எவ்வளவு அமைதியாக, எவ்வளவு சரியாகச் செய்கிறது என்பதற்கு மார்க்.

"இதுக்குன்னு எங்கேயும் போக வேண்டாம், ஆன்ட்டி" என்று இந்தியில் சொன்னாள். "கொரோனாவுல எல்லாரும் வீட்டுலேருந்தே செய்ய ஆரம்பிச்சாங்க. இருபது மீட்டருக்கு நாப்பது மீட்டர் இடம் இருந்தா போதும். ஒரே மூச்சா வீடியோ எடுத்து அனுப்பணும், வெட்டவோ ஒட்டவோ கூடாது. வெளிநாட்டுல ஒரு ஜட்ஜ் பாத்து மார்க் போடுவாங்க."

அடுத்த நாள் காலையில் செல்வம் கையில் டேப்பை வைத்துக்கொண்டு யார்டை அளப்பதைச் செண்பகவல்லி மாடி ஜன்னலிலிருந்து பார்த்தாள்.

இடம் இருந்தது, ஆனால் அதில் மூங்கில் இருந்தது. இரண்டு வருடமாக ஊரில் பந்தலே இல்லாததால் கட்டுகள் தலைக்கு மேல் அடுக்கிக் கிடந்தன. ஆகஸ்ட் வந்தது. அந்த வருடம் கணபதி விழாவுக்குத் தடை எல்லாம் நீங்கி, செம்பூர், குர்லா, தாதர் என்று விழா நடத்துகிற எல்லா மண்டலும் ஒரே நேரத்தில் மூங்கில் கேட்டன. பத்து நாளில் யார்டு காலி. அந்த மண்ணை அவ்வளவு வெறுமையாக அவள் பார்த்ததேயில்லை. செல்வமும் தளவாயும் கயிறு கட்டி, சுண்ணாம்பு போட்டு, இருபதுக்கு நாற்பது சதுக்கம் அளந்தார்கள். சுற்றிலும் எட்டு இடத்தில் எட்டு காலிப் பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்து வைத்து ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்து எழுதினார்கள். A, K, E, H, C, M, B, F. நடு மையத்துக்கு X என்று பெயர், அதற்கு வாளி கிடையாது, மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுத்துகள் ஏன் இந்த வரிசையில் இருக்கின்றன என்று ஃபர்ஸானாவுக்கே தெரியவில்லை. செண்பகவல்லி மட்டும் கேட்கவில்லை. ஸ்டேஷன் பெயர்களை ஏன் இந்த வரிசையில் வைத்தீர்கள் என்று யாராவது கேட்பார்களா? ஒரு மதியத்தில் மனப்பாடம் பண்ணிவிட்டாள்.

ஏனென்றால் கூப்பிடுகிற வேலை அவளுக்கு வந்திருந்தது. எந்த எழுத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை ஒருவர் வெளியே நின்று உரக்கப் படிக்கலாம் என்று விதி. தாள் முழுக்க ஆங்கிலம். செல்வத்துக்கு எழுத்துக்கூட்டவே நேரமாகும்.

"எக்கா, நீ படிக்கியா?" என்று கேட்டான். முப்பது வருடத்தில் அவன் அவளிடம் கேட்ட முதல் உதவி அது.

"படிக்கேன். அதுக்கென்ன" என்றாள்.

கையில் தாளோடு E வாளிக்குப் பக்கத்தில் போய் நின்றவுடனே முதுகு நிமிர்ந்துகொண்டது. இந்த வேலை அவளுக்குத் தெரியும். வண்டி வந்து நின்ற பிறகு எந்தப் பிளாட்பாரம் என்று சொல்லி என்ன பயன்? ஜனம் படி ஏறி இறங்கி நடந்து வருகிற நேரத்தைக் கணக்கிட்டு முன்கூட்டியே சொல்ல வேண்டும். ரொம்ப முன்னால் சொன்னால் மறந்துவிடுவார்கள். குதிரை K வாளியைத் தாண்டும்போதே E-யில் செய்ய வேண்டியதைச் சொன்னாள். ஒரு பிசகு இல்லை. அவள் குரல் காலி யார்டின் தகரச் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. பட்டாணி ஒரு காதை அவள் பக்கம் திருப்பியே வைத்திருந்தது.

வீடியோ எடுக்கிற பொறுப்பு தளவாய்க்கு. C வாளிக்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தடவை எல்லாம் நன்றாகப் போய், கடைசி நிறுத்தத்துக்கு முன்னால், முலுண்டிலிருந்து ஒரு மண்டல்காரர் பத்து மூங்கில் அதிகம் வேண்டும் என்று போன் பண்ணினார். பதிவு நின்றுபோனது.

"போனை ஏரோப்ளேன்ல போட்டீங்களா இல்லையா?" என்று செண்பகவல்லி கேட்டாள்.

"ஆர்டர் வார நேரம்லா" என்றார் அவர்.

மறுநாள் திரும்ப எடுத்து அனுப்பினார்கள். பத்து நாளில் மார்க் தாள் வந்தது. ஒவ்வொரு அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று போட்டு, பக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தது. மொத்தம் ஐம்பத்தெட்டு சதவீதம். பதினாறு பேரில் பதிமூன்றாவது. கடிவாளக் கயிற்றைத் தளர்த்தி நடக்கவிட்ட இடத்துக்கு ஏழு கொடுத்து, 'மனம் ஆறிய குதிரை' என்று எழுதியிருந்தார் அந்த ஜட்ஜ் அம்மாள். ஆனால் அடியில், குறிப்பு எழுதும் இடத்தில் இன்னொன்று இருந்தது. செண்பகவல்லி அதை மனத்துக்குள் வாசித்துவிட்டு நிறுத்தினாள்.

"என்ன போட்டிருக்கு? சொல்லு" என்றான் செல்வம்.

"குதிரை ஏறியிருக்கிறவர் சொல்லுறதக் கேக்கல, வெளிய நின்னு படிக்கிறவங்க சொல்லுறதத்தான் கேக்குதாம். அவங்க வாயத் தொறந்த ஒடனே, எழுத்து வாறதுக்கு முன்னாலேயே செஞ்சிருதாம்."

வீடியோவைப் போட்டுப் பார்த்தார்கள். உண்மைதான். அவள் 'ஹால்ட்' என்றதும் பட்டாணி நாலு அடி முன்னாலேயே நின்றுவிட்டது. 'ட்ராட்' என்ற சொல் முடிவதற்குள் துள்ளு நடையில் போய்விட்டது. குதிரை மேல் உட்கார்ந்திருந்த செல்வம் வண்டியில் இருக்கிற பயணிபோல இருந்தான்.

அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. நாற்பது வருடம் குதிரை ஏறியவனைத் தன்னால் ஒரு ஜட்ஜ் குறை சொல்லும்படி ஆகிவிட்டதே. "நான் படிக்கல்லப்பா. ஃபர்ஸானாவக் கூப்பிட்டுக்கோ" என்றாள்.

செல்வம் போனை அணைத்து வைத்தான். "குதிரையக் குத்தஞ் சொல்ல முடியாதுக்கா. ஒன் குரலக் கேட்டா எனக்கே அப்படித்தான்."

"என்னல சொல்லுத?"

"ஒனக்குக் கல்யாணம் ஆனதுலேருந்து, லீவு கெடைக்கிற அன்னைக்கெல்லாம் குர்லாவுக்கு வருவேன். ஓவர்பிரிட்ஜ் எறங்குற எடத்துல டீக்கடை இருந்துதுல்லா? அங்கன நிப்பேன். நீ பேசிட்டிருப்ப. ஒனக்கு டூட்டி இல்லன்னா வேற குரல் வரும், டீயக் குடிச்சிட்டு அடுத்த வண்டில போயிருவேன்."

அவள் மார்க் தாளைக் கீழே வைத்தாள்.

"ரெண்டாயிரத்தஞ்சுல அந்தப் பெரிய மழை அன்னைக்கும் அங்கனதான் நின்னேன்" என்றான் அவன். "தண்டவாளம் தெரியல. நீ விடாம பேசுத, வண்டி வராது, யாரும் எறங்கி நடக்காதீங்கன்னு. ஆறு மணிக்கு மேல ஒனக்குத் தொண்டை கட்டிருச்சு. ஒரு கிளாஸ் வென்னி வாங்கிட்டு மேல வரலாமான்னு நெனச்சேன்."

"வர வேண்டியதுதான?"

"வந்து யாருன்னு சொல்லி உள்ள வர?"

அந்த மழை நாள் அவளுக்கு அங்குலம் அங்குலமாக நினைவிருந்தது. ஈரத்தில் நமுத்த கால அட்டவணை, மின்விசிறி நின்றுபோன அந்தச் சிறு அறை, ஜன்னலுக்குக் கீழே நிறம் நிறமாகக் குடைகள். தண்ணீர் ஏற ஏற, அந்தக் குடைகளைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டே இருந்தாள். அதில் ஒரு குடைக்குக் கீழே தம்பி நின்றிருக்கிறான்.

"நான் அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது செல்வம்" என்றாள். எந்த அன்றைக்கு என்று அவன் கேட்கவில்லை.

"அது போகட்டும். கடேசி நிறுத்தத்துக்கு எத்தனை போட்டிருக்கு, அதப் படி" என்றான்.

நாலு போட்டிருந்தது.

நவராத்திரி வந்தது. மண்டல்காரர்கள் மூங்கிலைத் திருப்பாமல் அப்படியே கர்பா ஆட்டப் பந்தலுக்கு மாற்றிவிட்டதால் யார்டு காலியாகவே கிடந்தது. இன்னொரு போட்டிக்குப் பெயர் கொடுத்தார்கள். இந்தத் தடவை குதிரைக்குப் புரியாமலிருக்க மராத்தியில் படித்துப் பார்த்தாள். மூன்றே நாளில் பட்டாணிக்கு 'தாம்பா' என்றால் நிற்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இந்திக்கு மூன்று நாள்கூடத் தேவைப்படவில்லை. லாயத்துக்கு வந்த நாளிலிருந்து அது கேட்ட பாஷை. செல்வமே குதிரையோடு இந்தியில்தான் பேசுவான்.

"தமிழ்ல சொல்லேன்" என்றார் தளவாய், நாற்காலியிலிருந்து.

எளிய யோசனைதான். ஆனால் செண்பகவல்லி திகைத்துப்போனாள். முப்பத்தாறு வருடத்தில் அந்தக் குரலில் அவள் ஒரு தடவைகூடத் தமிழ் பேசியதில்லை. தமிழ் என்பது வீட்டில், அடுப்பங்கரையில், வேறு ஒரு தொண்டையிலிருந்து வருகிற பேச்சு. தாளை எடுத்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாக மாற்றி எழுதினாள். எழுதியதை வாசித்தால் கோயில் திருவிழா நோட்டீஸ்போல இருந்தது. அடித்துவிட்டு, தாராவி வீட்டில் அம்மா பேசியபடி எழுதினாள். வலது, இடது போய்விட்டுச் சோத்தாங்கை, பீச்சாங்கை வந்தன.

குதிரைக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதால் பழக்கும்போது யாரும் வாயைத் திறக்கவில்லை. மாலையில் குதிரையைக் கட்டிவிட்டு வந்த பிறகு, அக்காவும் தம்பியும் மொட்டைச் சதுக்கத்தில் நடந்தே பழகினார்கள். அவள் E-யில் நின்று சொல்வாள். ஐம்பத்துநாலு வயதுக்காரன், தோளைச் சாய்த்துக்கொண்டு, A-யில் உள்ளே வந்து, X-ல் நின்று தலை வணங்கி, C-யில் பீச்சாங்கைப் பக்கம் திரும்புவான். சிறு வயதில் தாராவிச் சந்தில் அவளை டீச்சராக வைத்து அவன் மார்ச் பாஸ்ட் போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. சொன்னாள். "அன்னைக்கும் நீதான் கத்திக்கிட்டே இருப்ப" என்றான் அவன்.

வீடியோ எடுத்த அன்று காலை ஏழு மணி. பக்கத்துச் சால் குடியிருப்பிலிருந்து குக்கர் விசில் வந்தது. தளவாய் போனை ஏரோப்ளேனில் போட்டுவிட்டேன் என்று இரண்டு முறை காட்டினார். செல்வம் வெள்ளைச் சட்டையும், லாயத்தில் கிடைத்த பழைய கறுப்புக் கோட்டும் போட்டிருந்தான். செண்பகவல்லி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"A-ல உள்ள வா. X-ல நில்லு. சலாம் வையி."

குர்லாவின் எட்டுப் பிளாட்பாரத்துக்கும் கேட்கிற குரல். அதில் அம்மாவின் தமிழ். பட்டாணி காதைத் திருப்பியது, ஒன்றும் விளங்காமல் திரும்ப முன்னால் வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு மேலே இருப்பவன் என்ன சொல்கிறான் என்பதைத்தான் கேட்டது. செல்வத்தின் முழங்கால் அசைவதே தெரியவில்லை. குதிரை மட்டும் மாறிக்கொண்டே வந்தது, நடை, துள்ளு நடை, கயிறு தளர்ந்து கழுத்து நீண்ட நடை. காலையில் நாலு மணிக்கு எழுந்து இவன் இத்தனை வருடம் என்ன செய்துகொண்டிருந்தான் என்பதை அவள் அன்றுதான் கண்ணால் பார்த்தாள். பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியதை ஒரு விநாடி தாமதமாகச் சொன்னாள்.

"B-ல சோத்தாங்கைப் பக்கம் ஒரு வட்டம்."

அதைக் கேட்டுத் தளவாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் வராமல் அடக்கியதில் தொப்பை குலுங்கி, போனும் குலுங்கியது.

மார்க் தாள் அக்டோபர் நடுவில் வந்தது. அறுபத்துநாலு புள்ளி மூன்று. பத்தொன்பது பேரில் ஐந்தாவது. கடைசி நிறுத்தத்துக்கு எட்டு. 'பொறுமையான, அழகான கை' என்று செல்வத்தைப் பற்றி எழுதியிருந்தார் ஜட்ஜ் அம்மாள். B-யில் போட்ட வட்டம் கொஞ்சம் தாமதமாகத் தொடங்கியது, அந்த இடத்தில் கேமராவும் ஆடுகிறது, அங்கே நிலநடுக்கமா என்று கேட்டிருந்தார். படிக்கிறவர் என்ன பாஷை பேசுகிறார் என்று தெரியவில்லை, ஆனால் கேட்க நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி.

செண்பகவல்லி 'அழகான கை' என்ற வரியை ஆங்கிலத்தில் ஒரு முறையும் தமிழில் இரண்டு முறையும் படித்துக் காட்டினாள். செல்வம் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தான். கடிவாளக் கயிறு அறுத்த தழும்புகள் விரலிடுக்கில் வெளுத்துக் கிடந்தன. "அழகாத்தான் இருக்கு" என்றார் தளவாய்.

தீபாவளிக்கு முன் டெம்போ டெம்போவாக மூங்கில் திரும்பி வந்தது. வாளிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி எடுத்து வைத்தார்கள். சுண்ணாம்புக் கோடு கட்டுகளுக்கு அடியில் மறைந்தது. பட்டாணி அடுக்குகளுக்கு நடுவே இருந்த சந்தில் நடை பழகியது.

கடைசி டெம்போ இறக்கிவிட்டுப் போன அன்று மதியம், செல்வம் கொட்டில் வாசலில் உட்கார்ந்து சேணத்துக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தான். செண்பகவல்லி இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து, கவிழ்த்த கூடை ஒன்றில் உட்கார்ந்தாள்.

"நீ மொத மொத ஏறின குதிரை பேர் என்ன?" என்று கேட்டாள்.

"குல்பி. ஏறின மூணாவது நிமிசம் கீழ தள்ளிருச்சு."

"அதுக்கு அடுத்தது?"

அவன் சொன்னான். அதற்கடுத்ததையும் சொன்னான். ஒவ்வொன்றின் நிறம், எந்தப் பக்கம் பார்த்து மிரளும், எதற்கு இனிப்பு பிடிக்கும், எதற்கு மழையில் நனையப் பிடிக்கும் என்றெல்லாம் சொன்னான். எண்பத்தேழாம் வருடத்துக்கு வருவதற்குள் டீ ஆறிப்போயிருந்தது. அவள் எழுந்து போகவில்லை.